புளியங்கொட்டையில் ஒரு வீடியோ கேம்

ஆணி கொஞ்சம் ஜாஸ்தியானதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கவும். இது வீடியோ கேம் பத்தின பதிவு. ஆனா கம்ப்யூட்டர் பக்கமே போகாம, சார்ட் பேப்பர்லயும் புளியங்கொட்டையிலயும் செஞ்ச வீடியோ கேம் பத்தினது.

என் மண்டைக்குள்ள ஒரு கேம் ஐடியா ஆறேழு வருசமா குடியிருக்கு. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். அதுக்குக் கீழ வயல்கள். ஆடுறவர்தான் அந்த ஊர் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்பத் திறக்கிறது, எப்ப மூடுறதுன்னு அவர் முடிவு பண்ணணும். துப்பாக்கி கிடையாது, ஜாம்பி கிடையாது. மழையும் மண்ணும் நெல்லும் ஊர்க்காரங்களும்தான்.

பிறந்த ஊர்ல கண்மாய் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது தெரியும். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கண்மாய்த் தண்ணி மடை வழியா வாய்க்காலுக்கு வரும். பக்கத்துல இருக்கிற வயல் தலைமடை, கடைசியில இருக்கிறது கடைமடை. தண்ணி மிச்சம் இருந்தாத்தான் கடைமடைக்கு வந்து சேரும். எங்க வயல் கடைமடை. அதனால இந்த ஐடியா எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம் :-)

இதை வீட்டில தங்கமணிகிட்ட சொன்னேன். ஆறு மாசம் சம்பளமில்லாத லீவு போட்டு, சேமிப்பில கைவச்சு, இதைச் செஞ்சு பாக்கட்டுமான்னு கேட்டேன். தங்கமணி கோவிக்கலை. "ஆறு மாசம் கழிச்சு இது விளையாட்டே இல்லைன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க? அதை முதல்லயே தெரிஞ்சுக்க வழி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நியாயமான கேள்வி. வழி இருக்கு. அதுதான் பேப்பர் புரோட்டோடைப்.

நிரல் ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி, கேமோட விதிகளை மட்டும் எடுத்து, காகிதத்துல வரைஞ்சு, நாலு பேரை உக்கார வச்சு ஆட விடுறது. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை மனுசன் செய்வான். எதிராளி கதவைத் திறந்தானா, மழை பெஞ்சுதா, பணம் எவ்வளவு மிச்சம்னு எல்லாத்தையும் நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லணும். அதாவது கம்ப்யூட்டர் நீங்கதான்.

இது புதுசா வந்த டெக்னிக் ஒண்ணும் இல்லை. 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தோட கட்டங்களை மியாமோட்டோவும் தெசுகாவும் கிராஃப் தாள்லதான் வரைஞ்சாங்க. திருத்தம்னா மேல ஒரு மெல்லிய தாளை வச்சு அதுல வரைஞ்சு புரோகிராமருக்குக் குடுப்பாங்களாம். 1970ல பிரபலமான கான்வேயோட 'கேம் ஆஃப் லைஃப்' விதிகள் கோ ஆட்டப் பலகையில காய்களை வச்சு வச்சுப் பாத்து முடிவானவை. 2014ல வந்த ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டம்கூட ஆரம்பத்துல காகிதத்துல வெட்டின சீட்டுகள்தான்.

அவ்வளவு ஏன், நம்ம ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்குங்க. 3 புலி, 15 ஆடு. ரெண்டு பக்கமும் வேற வேற பலம், வேற வேற விதி. அப்படியும் யாரு ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. இந்த 15ங்கிற எண் வானத்துலேருந்து விழுந்திருக்காது. யாரோ கோயில் மண்டபத் தரையில கரித்துண்டால கோடு போட்டு, கல்லு பொறுக்கி வச்சு, திரும்பத் திரும்ப ஆடிப் பாத்துத்தான் வந்திருக்கணும். நம்ம ஆளுங்க பேப்பர்கூட செலவு பண்ணலை பாருங்க!

சரி, மேட்டருக்கு வருவோம்.

சாமான் பட்டியல்

ஒரு சார்ட் பேப்பர். பென்சில், ரப்பர் (பேனா கூடவே கூடாது. பேனாவால எழுதின விதியை மாத்த மனசு வராது). பழைய கல்யாணப் பத்திரிகைகள். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை, சீட்டு வெட்ட இதைவிட உசத்தியான பொருள் கிடையாது. தண்ணிக்குப் புளியங்கொட்டை. மழைக்கு 6 சோழி. கண்மாய்க்கு டிபன் பாக்ஸ் மூடி. சார்ட் பேப்பரைத் தவிர எல்லாமே வீட்டில இருந்துச்சு.

விதிகள் (முதல் பதிப்பு)

1. ஒரு நெல் பருவம் ஏறக்குறைய 120 நாள். பத்து நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 12 சுற்று.

2. 9 வயல். தலைமடையில 3, நடுமடையில 3, கடைமடையில 3.

3. ஒவ்வொரு வயலுக்கும் ரெண்டு சுற்றுக்கு ஒரு கொட்டை தண்ணி வேணும். ஆக, பருவத்துக்கு 54 கொட்டை.

4. கடைமடை வாய்க்காலை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு கொட்டை வழியிலயே காலி. மண்ணு குடிச்சிடும்.

5. ஆரம்பத்துல கண்மாய்ல 10 கொட்டை. முதல் 8 சுற்றுக்கு மட்டும் மழை. 6 சோழியை உருட்டி, வாய் மேல பாத்து விழுந்த ஒவ்வொரு சோழிக்கும் 2 கொட்டை வரும்.

6. கண்மாய் கொள்ளளவு 30. அதுக்கு மேல வந்தா கழுங்கு வழியா போயிடும்.

7. கடைசி ரெண்டு சுற்றுல தண்ணி கிடைக்காத வயல் சாவி. நெல்லு இருக்கும், உள்ள அரிசி இருக்காது.

பகடை இருக்கும்போது ஏன் சோழின்னு கேட்டீங்கன்னா, அதுல ஒரு கணக்கு இருக்கு. ஒரு பகடையை உருட்டினா ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்பு. ஆனா 6 சோழியை உருட்டினா மொத்தம் 64 விதமா விழலாம். அதுல மூணு சோழி வாய் திறக்கிறது 20 விதம். ஆறுமே திறக்கிறது ஒரே ஒரு விதம், ஒண்ணுமே திறக்காததும் ஒரே ஒரு விதம். (சோழியோட ரெண்டு பக்கமும் சரிசமமா விழாதுங்கிறதால இது தோராயக் கணக்குதான்.) அதாவது பெரும்பாலும் நடுத்தர மழை, எப்பவாவது வெள்ளம், எப்பவாவது வறட்சி. ஊர் மழையும் அப்படித்தானே இருக்கு?

இப்ப ஒரு கூட்டல் போட்டுப் பாருங்க. 8 சுற்றுல சராசரியா சுற்றுக்கு 6 கொட்டை, ஆக 48. கையிருப்பு 10. மொத்தம் 58. தேவை 54. கடைமடைக்குச் சிக்கனமா ஆறே தடவை திறந்தாலும் வழியில போறது 6, ஆக 60. எல்லாம் நல்லபடியா நடந்தாலும் ரெண்டு கொட்டை இடிக்கும். அந்த ரெண்டு கொட்டைதான் ஆட்டம். யாருக்குக் குடுக்காம விடுவீங்க?

முதல் ஆள்: ஆபீஸ் நண்பர்

நண்பர் பயங்கர கேம் பைத்தியம். விதியைப் படிச்சார், தலையாட்டினார், ஆடினார். நாலாவது சுற்றுலயே கடைமடை வாய்க்காலைத் தனித்தனியா திறக்கக்கூடாது, மூணு வயலுக்கும் ஒரே நேரத்துல பாய்ச்சினா வழிச்சேதம் ஒண்ணோட போயிடும்னு கண்டுபிடிச்சிட்டார். அப்புறம் தானா ஒரு முறை வச்சுக்கிட்டார்: ஒரு சுற்று மேல, ஒரு சுற்று கீழ.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. 'முறைத் தண்ணி'ங்கிற விதியை நான் எழுதவே இல்லை. வாய்க்கால் தண்ணி குடிக்கும்னு ஒரு விதி எழுதினேன், முறை அதுலேருந்து தானா முளைச்சது. ஊர்ல வாழ்ந்தே பாக்காத ஒருத்தர் இருபது நிமிசத்துல அதைக் கண்டுபிடிச்சார். விதி சரியா இருந்தா ஆடுறவனே மிச்சத்தைக் கண்டுபிடிப்பான்கிறதை இதைவிட நல்லா யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஆனா ஆட்டம் முடிய ஒரு மணி பத்து நிமிசம் ஆச்சு. நடுவுல அவர் ரெண்டு தடவை கொட்டாவி விட்டார். இங்கதான் கவனமா இருக்கணும். கொட்டாவி ஆட்டத்தால வந்ததா, நான் கொட்டை எண்ணிக்கிட்டு இருந்ததால வந்ததா? அடுத்த தடவை போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு, அவர் யோசிக்கிற நேரத்தையும் நான் எண்ணுற நேரத்தையும் தனித்தனியா குறிச்சேன். எண்ணுற நேரம் யோசிக்கிற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு. கம்ப்யூட்டர் எண்ணுறதைக் கண்ணிமைக்கிற நேரத்துல முடிச்சிடும். ஆக அந்தக் கொட்டாவி என் கணக்குல சேர்ந்தது, ஆட்டத்தோட கணக்குல இல்லை. பேப்பர்ல சோதிக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்குங்க. இல்லைன்னா நல்ல விதியைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவீங்க.

ரெண்டாவது ஆள்: அக்கா பையன்

ஏழாங்கிளாஸ். இவனை மாதிரி ஒரு ஆள் ஒவ்வொரு கேம் கம்பெனிக்கும் வேணும். அப்ப ஒரு விதி சேர்த்திருந்தேன்: பருவ முடிவுல கண்மாய்ல மிஞ்சின தண்ணிக்கு மீன் ஏலம் விட்டுக் காசு வரும். பய ஆரம்பத்துலேருந்து ஒரு மடையைக்கூட திறக்கலை. எல்லா வயலும் காஞ்சு போச்சு. கடைசியில மூடி நிறையக் கொட்டையோட உக்காந்து, "மாமா, மீன் காசு நெல்லுக் காசைவிட ஜாஸ்தி. நான் ஜெயிச்சுட்டேன்"ங்கிறான்.

அவ்வ்வ்வ்வ்.

இதுக்குத்தான் சோதனை. கோடு எழுதி, படம் வரைஞ்சு, மீனுக்கு நீந்துற அனிமேஷன் போட்ட பிறகு இது தெரிஞ்சிருந்தா மாசக்கணக்குல உழைப்பு போயிருக்கும். இங்க ஒரு ரப்பர் போதும். மீன் ஏலக் காசு ஆடுறவருக்கு வராது, ஊர்ப்பொதுவுக்குப் போகும், கரை மராமத்துக்கும் வண்டல் எடுக்கவும் மட்டும்தான் செலவழிக்கலாம்னு மாத்தினேன். பல ஊர்ல நிஜத்துலயும் மீன் ஏலப் பணம் ஊர்ப்பொதுவுக்குத்தானே போகுது. வண்டல் எடுக்கலைன்னா ஒவ்வொரு பருவமும் கண்மாய்க் கொள்ளளவு 2 கொட்டை குறையும்னும் சேர்த்தேன். அடுத்த வாரம் பய திரும்ப வந்து எவ்வளவோ முட்டிப் பாத்தான். முடியலை. ஹி ஹி.

மூணாவது ஆள்: தங்கமணி

விதியைப் படிக்க மாட்டேன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அதனால நான் வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். இது ரொம்பக் கஷ்டமான வேலை மக்களே. கேம் கடையில வாங்குறவன் பக்கத்துல நாம உக்காந்து விளக்க முடியாதுல்ல? அதனால ஆடுறவங்க முழிச்சாலும் முழிக்கட்டும்னு விடணும். அவங்க என்ன சொல்றாங்கங்கிறதைவிட அவங்க கை எங்க போகுதுன்னு பாக்கணும்.

அவங்க கை ஒவ்வொரு சுற்றுலயும் முதல்ல கடைமடைக்குப் போச்சு. அங்கேயே கொட்டையை வச்சுக்கிட்டு ரெண்டு செகண்ட் நிக்கும். அப்புறம் தலைமடைக்கு வரும். ஆட்டம் முடிஞ்சு ஏன்னு கேட்டேன். "அந்தக் கடைசி வயல் யாரோடதுன்னு தெரிஞ்சா வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். ஒரு கட்டத்துக்கு எப்படிங்க பாவம் பாக்குறது?"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி பத்திரிகை அட்டையில 9 சீட்டு வெட்டி, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு குடும்பம் எழுதினேன். ஒருத்தருக்குப் பொண்ணு கல்யாணம், ஒருத்தருக்கு நகைக்கடன், ஒருத்தர் துபாய்ல இருக்கார், வயலைப் பத்திக் கவலையே இல்லை. ஒரு விதி கூட மாறலை. ஆனா அடுத்து ஆடினவங்க எல்லாருமே யோசிக்கிற நேரம் கூடிப்போச்சு.

நாலாவது ஆள்: அப்பா

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துட்டுப் போனேன். அப்பா போன்ல பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தாண்டி எதையும் தொட மாட்டார். டேப்லெட்ல ஒரு டெமோ செஞ்சு கொண்டுபோயிருந்தா "நல்லா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருப்பார். ஆனா திண்ணையில புளியங்கொட்டை பரப்பி வச்சிருந்தா?

"என்னப்பா இது?"ன்னு தானா வந்து உக்காந்தார்.

சொன்னேன். கடைமடைக்கு ஒரு கொட்டை வழியில போயிடும்னு எடுத்துக் காட்டினப்ப, "ஆமா, காஞ்ச வாய்க்கா மொதத் தண்ணியக் குடிக்கத்தான் செய்யும்"னு தலையாட்டினார். ஆட ஆரம்பிச்சார். மழை மோசமா விழுந்துச்சு. பத்தாவது சுற்றுல கண்மாய்ல அஞ்சே கொட்டை. கையில ஒரு கொட்டையை எடுத்தார். வைக்கலை. என்னைப் பாத்தார்.

"இந்த மேல்மடைக்காரன் பேச மாட்டானா?"

"இல்லப்பா, அது நீங்கதான் முடிவு பண்ணணும்."

"நான் எதுக்கு முடிவு பண்ணணும்? அவன்கிட்ட போயி ஒரு ராத்திரித் தண்ணி கேப்போம். அடுத்த வருசம் நம்ம முறையில அவனுக்கு விடுவோம். கேட்டாக் குடுப்பான். குடுக்கலைன்னாலும் கேட்டதா இருக்கும்ல? வாயில்லாத ஊரா இது?"

நான் ஒண்ணும் சொல்லலை. அவர் சார்ட் பேப்பரைப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சார். எந்த வருசம் யாருகிட்ட தண்ணி கேட்டது, யாரு குடுத்தா, யாரு கதவைச் சாத்தினா, ராத்திரி மடையில அரிக்கேன் விளக்கோட காவல் உக்காந்தது, எங்க ஊர் நீர்பாய்ச்சிக்கு அறுப்புல களத்து நெல்லு எப்படி அளந்து குடுப்பாங்கங்கிறது. அவர் போனதுக்கு அப்புறம் அந்த வேலைக்கு யாரும் வரலை. மேல இருக்கிறவங்க போர் போட்டுட்டாங்க. மடையை யாரு திறக்கிறாங்கன்னே இப்ப தெரியலைன்னார். எனக்கு நாப்பது வயசாகப் போகுது. இதுல பாதி நான் கேட்டதே இல்லை. நான் கேள்வியாக் கேட்டிருந்தா அவர் சொல்லியிருக்கவும் மாட்டார். ஒரு புளியங்கொட்டையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னப்பதான் இதெல்லாம் வந்துச்சு.

பொங்கல் முடிஞ்சு வந்து 'தண்ணிக்கடன்'னு 6 சீட்டு வெட்டினேன். யார்கிட்டயும் ஒரு சுற்றுத் தண்ணி கடன் கேக்கலாம். குடுத்தா அடுத்த பருவத்துல திருப்பணும். திருப்பலைன்னா அந்த ஆள் மறுபடி குடுக்க மாட்டார். ஊர்க்காரங்களா மூணு பேரை உக்கார வச்சேன், நிரல் எழுதினா அதைச் செய்யப்போறது கம்ப்யூட்டர். முதல் ஆட்டத்துலயே அறை சத்தமாயிடுச்சு. பேரம், கெஞ்சல், "போன வருசம் நான் குடுத்தேன்ல"ன்னு நிஜமான கோவம். பருவம் முடிஞ்சதும் அந்த ஆபீஸ் நண்பர் கேட்டார்: "அடுத்த வருசத்தையும் ஆடிடலாமா? எனக்குக் கடன் பாக்கி இருக்கு."

கொட்டாவி விட்ட அதே நண்பர். நல்லா இருக்குன்னு ஆயிரம் பேர் சொல்றதைவிட, கேக்காம ஒருத்தர் இன்னொரு ஆட்டம் கேக்குறதுதான் பதில்.

பேப்பர் சொல்லாதது

எல்லாத்துக்கும் இது மருந்தில்லை. மாரியோவோட கட்டத்தைத் தாள்ல வரையலாம், அவன் குதிக்கிற சுகத்தைத் தாள்ல பாக்க முடியாது. கை வேகம், சத்தம், திரை அசைவு, இதையெல்லாம் நம்பி இருக்கிற ஆட்டத்துக்கு நேரா நிரல்தான் எழுதிப் பாக்கணும். முடிவெடுக்கிற ஆட்டம், பங்கு போடுற ஆட்டம், பேரம் பேசுற ஆட்டம்னா பேப்பர் போதும்.

என் அனுபவத்துல உருப்படியான நாலு விஷயம்:

1. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரே ஒரு கேள்வி வச்சுக்குங்க. 'தண்ணி பத்தாதப்ப ஆடுறவன் யோசிக்கிறானா?' அவ்வளவுதான்.

2. ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது.

3. அழகா வரையாதீங்க. அழகா இருந்தா ஆடுறவங்க மனசு நோகுமேன்னு குறை சொல்ல மாட்டாங்க. கிழிக்க நமக்கும் கை வராது.

4. கேம் ஆடுறவங்களை மட்டும் கூப்பிடாதீங்க.

தங்கமணியோட கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. இது விளையாட்டுதான். ஆனா நான் நினைச்ச விளையாட்டு இல்லை. தண்ணியைப் பங்கு போடுற ஆட்டம்னு நினைச்சேன், இது கேக்குறதும் குடுக்கிறதும் பத்தின ஆட்டம். பேச்சுவார்த்தை ஆறு மாசத்துல ஆரம்பிச்சு மூணு மாச லீவுல முடிஞ்சது. சேமிப்புல எவ்வளவு வரைக்கும் கைவைக்கலாம்னு ஒரு கோடும் போட்டிருக்கு. அடுத்த மாசம் முதல் தேதியிலேருந்து ஆரம்பம்.

கண்மாய்க்கு மராமத்து பாக்குறதுக்கும் அரிக்கேன் விளக்கு காவலுக்கும் இன்னும் விதி எழுதலை. உங்க ஊர்ல தண்ணி முறை எப்படி இருந்துச்சு, நீர்பாய்ச்சியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, சண்டை வந்தா யாரு தீர்த்து வைப்பாங்க, தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. விவரம் தெரியலைன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கேக்குறப்ப பக்கத்துல நாலு புளியங்கொட்டை இருக்கட்டும்.

டிஸ்கி: எங்க வீட்டில ரெண்டு வாரமா புளிக்குழம்பு கொஞ்சம் அதிகம். தண்ணி பத்தலைங்க, கொட்டை தேவைப்பட்டுச்சு :-)